நொச்சிப் படம் ஏன் திறக்கவில்லை?

மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் அது நடந்தது. எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஐந்து பேர் ஊரைச் சுற்றியுள்ள மூலிகைகளையும் மரங்களையும் மூன்று மாதமாகக் கைபேசியில் படமெடுத்துத் தொகுத்திருந்தார்கள். மொத்தம் 143 படங்கள். அவற்றுக்குப் பெயரிடும் வேலையைக் குழுவில் ஒரு மாணவி எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டில் கணினி கிடையாது. மதிய உணவு இடைவேளைகளில் ஆய்வகத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்துக்கும் ஊரில் வழங்கும் பெயர், எடுத்த இடம், நாள், பயன் என எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே தமிழில் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். ஒரு பெயர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: “நொச்சி - ஏரிக்கரை வடக்கு - ஆகஸ்ட் 12 - சளிக்கு ஆவி பிடிக்கப் பாட்டி சொன்னது”.

கண்காட்சிக்கு எடுத்துச் செல்ல வேண்டிய கணினியில் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்க்கலாம் என்று, அதில் யாரோ எப்போதோ நிறுவியிருந்த படம் பார்க்கும் மென்பொருளைத் திறந்தேன். கோப்புறையைக் காட்டினேன். முதல் படத்துக்கு “கோப்பைக் காணவில்லை” என்றது. இரண்டாவதுக்கும் அதே பதில். “அடுத்தது” பொத்தானை நான்கைந்து முறை அழுத்தியதும் மென்பொருளே திரையிலிருந்து மறைந்துபோனது. மறுபடி திறந்தாலும் அதே கதைதான்.

“வைரஸா இருக்கும்” என்றார் உடனிருந்த ஆசிரியர். நான் அந்த மாணவியைப் பார்த்துச் சொன்னேன்: “தமிழ்ல பேர் வச்சதாலதான் இப்படி. இங்கிலீஷ்ல வச்சிருக்கக் கூடாதா?” அவள் பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். மாலை மணி அடித்த பிறகு வந்து மெதுவாகக் கேட்டாள்: “டீச்சர், இதே படம் ஃபோன்ல திறக்குதே?”

அறிவியல் ஆசிரியையான நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அன்று மாலை அவளும் நானும் உட்கார்ந்து ஒரு சோதனை செய்தோம். ஒரே நேரத்தில் ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றுவது என்று வகுப்பில் சொல்கிறோமே, அதேதான். முதலில் நொச்சிப் படத்தைப் பிரதி எடுத்து, டி டிரைவில் எந்தக் கோப்புறைக்குள்ளும் வைக்காமல், “1” என்று பெயர் மாற்றினோம். உடனே திறந்தது. படம் கெடவில்லை, வைரஸும் இல்லை. பிறகு அதே இடத்தில் பெயரை மட்டும் “நொச்சி” என்று மாற்றினோம். “கோப்பைக் காணவில்லை.” ‘நான் சொன்னது சரிதான்’ என்று ஒரு நிமிடம் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அடுத்து, அதே தமிழ்ப் பெயருடன் விண்டோஸோடு வரும் பெயின்ட்டில் திறந்தோம். திறந்தது. தமிழ்ப் பெயர் கணினிக்கு ஆகாது என்றால் பெயின்ட்டுக்கும் ஆகக் கூடாதல்லவா?

கடைசிச் சோதனை அவளுடைய யோசனை. பழைய கோப்புறைக்குள்ளேயே, தமிழே இல்லாமல், ஆங்கில ‘ஏ’ எழுத்தை வரிசையாக அழுத்தி நீளமான பெயர் ஒன்றைக் கொடுக்க முயன்றாள். விண்டோஸ் ஓரளவுக்கு மேல் எழுத விடவில்லை. எனவே சற்றுக் குறைத்துப் பெயரிட்டுவிட்டு, மேலே இருந்த கோப்புறையின் பெயரை இன்னும் நீளமாக்கினாள். அந்தப் படத்துக்கு வந்ததும் மென்பொருள் மறைந்துபோனது. ஆங்கிலப் பெயர்தான், ஆனாலும் விழுந்தது. ஆக, எங்களிடம் இருந்தது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. அவற்றில் மென்பொருளை வீழ்த்திய கோளாறுக்கும் தமிழுக்கும் தொடர்பே இல்லை.

பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் கணினி அறிவியல் ஆசிரியரை அழைத்துக் கேட்டேன். பின்வருவன பெரும்பாலும் அவர் விளக்கியவை. பிறகு நானும் மாணவர்களும் சோதித்துப் பார்த்தவையும் இதில் உண்டு.

260 கட்டங்கள்

ஒரு கோப்பைக் கணினி அதன் பெயரால் மட்டும் தேடுவதில்லை. டிரைவின் எழுத்தில் தொடங்கி, ஒவ்வொரு கோப்புறையாக இறங்கி, கோப்பின் பெயர் வரை உள்ள முழு முகவரியால் தேடுகிறது. இதற்குப் ‘பாதை’ என்று பெயர். விண்டோஸ் நெடுங்காலமாக இந்தப் பாதைக்கு 260 இடங்களை வரம்பாக வைத்திருக்கிறது. டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி, சாய்வுக்கோடு ஆகியவற்றுக்கு 3 இடம். ‘இத்தோடு முடிந்தது’ என்று காட்டும் குறிக்குக் கடைசியில் 1 இடம். மீதமுள்ள 256 இடங்களுக்குள் எல்லாக் கோப்புறைகளும் கோப்பின் பெயரும் அடங்க வேண்டும்.

தேர்வு விண்ணப்பங்களில் மாணவர் பெயர் எழுதக் கட்டங்கள் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் நீளமாக இருந்தால் நாம் கடைசிக் கட்டத்தோடு நிறுத்திவிடுவோம், அல்லது அலுவலகத்தில் கேட்போம். சி மொழியில் எழுதப்பட்ட பழைய நிரல்கள் பல நிறுத்துவதில்லை. நிரலர் 260 கட்டம் ஒதுக்கி, ‘இதைவிட நீளமாக யாரும் தரப்போவதில்லை’ என்று நம்பிப் பாதையை அதில் பிரதி எடுக்கச் சொல்லியிருப்பார். 267 எழுத்து வந்தால் கூடுதல் எழுத்துகள் பக்கத்துக் கட்டங்களில் போய் விழும். அங்கே மென்பொருள் தன் அடுத்த வேலைக்காகக் குறித்துவைத்த எண் ஏதாவது இருக்கும். அது அழிந்ததும், எங்கே திரும்பிப் போவது என்றே தெரியாமல் நிரல் நிலைகுலையும். இயங்குதளம் அதை உடனே மூடிவிடும். நம் கண்ணுக்குத் தெரிவது மென்பொருள் மறைந்துபோவது மட்டுமே. பதினோராம் வகுப்பில் சி++ அணிகளை நடத்தும் ஆசிரியர்கள், அணியின் எல்லையைத் தாண்டி எழுதக் கூடாது என்று சொல்லும்போது இந்தக் கதையையும் சொல்லலாம்.

260க்கு மேல் போக விண்டோஸே விடாதென்றால் எங்கள் படங்கள் எப்படி 267க்குப் போயின? காரணம் நான்தான்.

மாணவி தட்டச்சு செய்தபோது கோப்புறைப் பாதையின் நீளம் 121. நொச்சிப் படத்தின் பெயர், இறுதியில் வரும் ஜேபிஜி ஒட்டையும் சேர்த்து 79. மொத்தம் 200. ஒரு குறையும் இல்லை. கண்காட்சிக்கு முந்தைய வாரம், ஒழுங்காக இருக்கட்டும் என்று நான் மேலே உள்ள மூன்று கோப்புறைகளுக்கும் கண்காட்சியின் முழுத் தலைப்பு, கல்வியாண்டு, வகுப்பு, பிரிவு என்று ஆங்கிலத்தில் நீளமாகப் பெயர் மாற்றினேன். பாதை 188 ஆனது. மேல் கோப்புறையின் பெயரை மாற்றும்போது அந்தக் கோப்புறையின் பாதை வரம்புக்குள் இருந்தால் போதும். உள்ளே இருக்கும் 143 கோப்புகளின் பாதையும் நீள்வதை யாரும் எச்சரிப்பதில்லை. 188ம் 79ம் சேர்ந்தால் 267. நான் யாரைக் கடிந்துகொண்டேனோ அவள் வைத்த பெயர் வரம்புக்குள் இருந்தது. வரம்பை மீறச் செய்தது நான் வைத்த பெயர்.

2016இல் வந்த விண்டோஸ் 10இன் ஒரு பதிப்பிலிருந்து இந்த வரம்பை நீக்கிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் கணினியின் அமைப்பில் அதை இயக்கினால் மட்டும் போதாது. ‘எனக்கு நீண்ட பாதை சம்மதம்’ என்று அந்தந்த மென்பொருளும் அறிவித்திருக்க வேண்டும். பழைய மென்பொருளுக்கு அது தெரியாது. ஆகவே அமைப்பை மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

கேள்விக்குறியாகிப்போன தமிழ்

இனி முதல் கோளாறு. ‘கோப்பைக் காணவில்லை’ என்றது ஏன்?

யூனிகோடு பரவுவதற்கு முன் விண்டோஸ் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு பைட்டில் அடக்கப் பார்த்தது. ஒரு பைட்டில் 256 இடங்கள்தான். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு ஒரு பட்டியல், ரஷ்ய மொழிக்கு ஒன்று, கிரேக்கத்துக்கு ஒன்று, தாய்லாந்து மொழிக்கு ஒன்று என்று தனித்தனியே வகுத்து அவற்றைக் குறியீட்டுப் பக்கங்கள் என்றார்கள். கணினி முழுவதற்குமாகத் தேர்ந்துகொள்ளும்படி தமிழுக்கு அப்படியொரு பக்கம் விண்டோஸில் வரவில்லை. தமிழ் நேரடியாக யூனிகோடு வழியாகவே உள்ளே வந்தது. அதில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட பகுதி இருக்கிறது. இன்றைய மென்பொருள்கள் யூனிகோடில் பேசுவதால் அவற்றுக்குத் தமிழ்ப் பெயர் ஒரு பொருட்டே இல்லை.

எங்கள் மென்பொருளோ பழைய முறையில் கேட்டது. அதற்குப் புரியும் பக்கத்தில் ‘நொ’ இல்லை, ‘ச்’ இல்லை. எனவே விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியைக் கொடுத்தது. மென்பொருள் ‘??????’ என்ற பெயருள்ள படத்தைத் திறக்கப் போனது. கோப்பின் பெயரில் கேள்விக்குறியை விண்டோஸ் அனுமதிப்பதே இல்லை! இருக்கவே முடியாத ஒரு கோப்பைத் தேடிவிட்டு ‘காணவில்லை’ என்றது. அதன் மட்டில் உண்மையைத்தான் சொன்னது. இதைவிட மோசமான மென்பொருள்களும் உண்டு. கோப்பு கிடைத்ததா என்று பார்க்காமலே அடுத்த வேலைக்குப் போய், இல்லாத படத்தின் அகல நீளத்தைக் கேட்டு விழுபவை அவை.

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் நடத்துபவர்களுக்கு ஒரு சொல்: ஓப்பன்சிவி நூலகத்தில் படத்தை வாசிக்கும் கட்டளைக்கு விண்டோஸில் தமிழ்ப் பாதையைக் கொடுத்தால் பெரும்பாலும் பிழை என்று நிற்காமல் வெறுமையைத் திருப்பித் தரும். பிழை அடுத்த வரியில்தான் வெடிக்கும். மாணவர்கள் அந்த வரியைத்தான் மணிக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

நொச்சியில் எத்தனை எழுத்து?

நீளத்தை எண்ணும்போது இன்னொன்று தெரிந்தது. நாம் ‘நொச்சி’யில் மூன்று எழுத்து என்போம்: நொ, ச், சி. கணினிக்கு அது ஆறு: ந, ஒகரக் குறி, ச, புள்ளி, ச, இகரக் குறி. ‘கொன்றை’யும் அப்படித்தான், மூன்று ஆறாகிறது. அகரமேறிய எழுத்துகளும் உயிரெழுத்துகளும் தவிர மற்றவை பெரும்பாலும் இரண்டு இடம் பிடிக்கும். ஆகவே கண்ணால் பார்த்து ‘சின்னப் பெயர்தானே’ என்று தமிழில் மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

லினக்ஸில் கணக்கு வேறு. பாதையை விடுங்கள், ஒரு கோப்பின் பெயருக்கு மட்டும் அங்கே வழக்கமான வரம்பு 255 பைட். விண்டோஸின் வரம்பும் 255தான், ஆனால் அது பைட் கணக்கல்ல, குறிகளின் கணக்கு. லினக்ஸில் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அப்படியானால் தமிழ்க் குறிகள் 85தான் கொள்ளும். நொச்சிப் படத்தின் 79 இடங்களில் 58 தமிழ்க் குறிகள், 21 மற்றவை. லினக்ஸில் அது 195 பைட். தப்பித்தது. இன்னும் ஒரு வரி பாட்டி சொல்லியிருந்தால் தப்பித்திருக்காது. மாணவர்களின் மடிக்கணினிகள் சிலவற்றில் பாஸ் லினக்ஸும் இருக்கிறது. விண்டோஸில் நன்றாக இருந்த கோப்பு அங்கே பிரதி ஆகவில்லை என்றால் முதலில் பெயரின் நீளத்தைப் பாருங்கள்.

படங்களை ஒழுங்குபடுத்தும்போது அந்தக் கோப்புறையில் “நொச்சி” என்ற பெயரிலேயே இரண்டு கோப்புகள் கிடைத்தன. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியாது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எழுத்தை எழுத்தாக அழித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பையும் ஆகாரக் காலையும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றில் 6 குறி, மற்றதில் 7. சில விசைப்பலகை மென்பொருள்களும் பழைய எழுத்துரு மாற்றிகளும் இரண்டாவது வகையில் எழுதுகின்றன. இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்கிறது. விண்டோஸின் கோப்பு முறைமை அதைக் கேட்பதில்லை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு இரண்டையும் வேறு வேறு என்றே கொள்கிறது. ‘ஸ்ரீ’யிலும் இந்தச் சிக்கல் உண்டு. ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. வகுப்பில் ‘ஸ்ரீ’ என்று பெயர் தொடங்கும் பிள்ளைகளின் படங்களைப் பெயர் வைத்துத் தேடுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

பெயர் மட்டுமே கணினியை வீழ்த்தும் என்பதை முதலில் நான் நம்பவில்லை. ஆனால் பெரிய நிறுவனங்களின் கணினிகளுக்கும் இது நடந்திருக்கிறது. டாஸ் காலத்திலிருந்து சி, ஓ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதினால் அது விசைப்பலகையையும் திரையையும் குறிக்கும் சாதனப் பெயர். இன்றும் விண்டோஸில் அந்தப் பெயரில் கோப்புறை உருவாக்க முடியாது, வகுப்பில் முயன்று பாருங்கள். விண்டோஸ் 95, 98இல் அந்தப் பெயரைச் சாய்வுக்கோட்டுடன் இரண்டு முறை அடுக்கிப் பாதையாகக் கொடுத்தால் கணினி முழுவதுமே செயலிழந்தது. ஒரு படத்தின் முகவரி என்று இணையப் பக்கத்தில் அதை எழுதிவைத்தாலே போதும். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன் செயலிகளை வீழ்த்தியது. அதற்கும் ஆப்பிள் திருத்தம் கொடுத்தது. ‘தெலுங்கில் எழுதாதீர்கள்’ என்று சொல்லிவிடவில்லை.

மறுநாள் செய்தவை சுருக்கமானவை. கோப்புறையை டி டிரைவின் முதல் அடுக்குக்கு நகர்த்தி “மூலிகை” என்று பெயரிட்டோம். கோப்புகளுக்கு “034 நொச்சி” என்பதுபோல எண்ணும் தமிழ்ப் பெயரும் மட்டும் வைத்தோம். எண்ணை மூன்று இலக்கமாக எழுதினால் எல்லா மென்பொருளிலும் வரிசை மாறாது. சதவீதக் குறியும் எண்ணைக் குறிக்கும் குறுக்குக்கட்டக் குறியும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். விண்டோஸ் அவற்றை ஏற்கும், ஆனால் படத்தை இணையப் பக்கத்தில் இணைக்கும்போது முகவரி அங்கே முறிந்துவிடும். இடம், நாள், பயன் எல்லாம் ஒரு அட்டவணைக்கு மாறின. பாட்டி சொன்னதை அழிக்க அவளுக்கு மனமில்லை. எனக்கும்தான். படங்களுக்குக் கீழே வைக்கும் அட்டைகளில் அந்த வரிகளை அவள் கையால் எழுதினாள். கண்காட்சிக்கு வந்தவர்கள் படங்களைவிட அந்த அட்டைகளின் முன்தான் அதிக நேரம் நின்றார்கள்.

காலை வழிபாட்டுக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். 121, 188, 79 மூன்றையும் கரும்பலகையில் எழுதி, தவறு யாருடையது என்று கேட்டேன். “உங்களோடதுதான் டீச்சர்” என்று வகுப்பே சொன்னது. அவள் மட்டும் சொல்லவில்லை. “அப்போ தமிழ்லயே வைக்கலாமா டீச்சர்?” என்று கேட்டாள்.

அந்தப் பழைய மென்பொருளை மற்ற கணினிகளில் தேடிப் பார்த்து நீக்கிவிட்டோம். ஒரே ஒரு கணினியில் மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். அதில் ஒரு எழுத்து ஒரு எழுத்தாகப் பாதையை நீட்டி, எந்த எண்ணில் அது விழுகிறது என்று மாணவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். கணக்குப்படி 260இல் விழ வேண்டும். சில நாள் 260இல் தப்பித்து 264இல் விழுகிறது. பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தால் தப்பிக்கும்தானே என்று ஒரு பையன் விளக்கம் சொல்கிறான். அதை எப்படிச் சோதிப்பது என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறோம்.